முழு நீளக் கம்பம்

கூட்டமாக வந்தவர்களிடம் கூட்டமாக வியாபாரம் பேசக் கூடாது என்பது கௌஸ் முகம்மதின் கொள்கை. முதலில் பிரித்துவிட வேண்டும். ஒருவருக்கு டீ, ஒருவருக்குத் துணி சாம்பிள், இன்னொருவருக்குப் பக்கத்துத் தையல்கடையில் ஒரு வேடிக்கை என்று திசைக்கொருவராக அனுப்பிவிட்டு, அவரவர் காதில் அவரவருக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வந்து சத்வாவில் கடை போட்ட நாள் முதல் அவர் கூடாரம் விற்றது இப்படித்தான். கல்யாணக் கூடாரமோ நோன்பு திறக்கும் கூடாரமோ, மாமனாருக்கு ஒரு பேச்சு, மருமகனுக்கு ஒரு பேச்சு. இருவரும் வீட்டுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் கூடாரம் எழும்பி நிற்கும். எழும்பி நிற்கிற கூடாரத்தை யாரும் பிரிக்கச் சொல்வதில்லை.

ஆனால் 2006ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் அப்படிப் பிரித்துப் பேசுவதற்கே ஆள் வரவில்லை. ஹோட்டல்காரர்களெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். கடைக்கு முதல் போட்டவர் நூஹு. கௌஸின் மனைவி ஷம்சாத்துக்கு அண்ணன், தேராவில் குடோன் வைத்திருப்பவர். அவர் ஒருநாள் வந்து சுலைமானி டீயைக் குடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, வர்ற வியாழக்கிழமை வரைக்கும் பாக்குறேன். கையில ஒரு பெரிய ஆர்டர் இல்லேன்டா சாவியத் தந்துருங்க. நம்ம குடோன்ல மேனேஜரா வந்து உக்காருங்க. நிம்மதியா இருக்கலாம்."

அந்த நிம்மதி எப்படிப்பட்டதென்று கௌஸுக்குத் தெரியும். ஏசிக்குக் கீழே ஒரு நாற்காலி. வந்தவனுக்கு ஒரு முழம் கயிறு சும்மா கொடுப்பதென்றாலும் நூஹுவுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். மச்சான் நல்லவர்தான். நல்லவருக்குக் கீழே வேலை பார்ப்பதுதான் கஷ்டம், திட்டவும் முடியாது.

அந்த வாரம்தான் உம்தொம்போ நகராட்சி வந்து சேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கே, ஹோசா மொழி பேசுகிறவர்களின் மலைநாட்டில் இருக்கிறதாம் அது. பெயர்தான் நகராட்சி. நகரம் என்று சொல்ல ஒரே ஒரு தெரு, மற்றதெல்லாம் குன்றுக்குக் குன்று சிதறிக் கிடக்கும் வீடுகளும் மாடுகளும். துபாயில் நடந்த ஒரு கண்காட்சிக்கு வந்திருந்தார்கள். கௌஸ் அங்கே ஒரு மூலையில் சின்னக் கூடாரம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். மேயர் அதற்குள் நுழைந்து, அண்ணாந்து பார்த்து, இதில் பெரிதாக ஒன்று வேண்டும் என்றார். ஒரு கூடாரம் வாங்க விமானம் ஏறி ஐந்து பேர் வந்திருந்தார்கள். அரசாங்கம் என்றால் எந்த நாட்டிலும் அரசாங்கம்தான் என்று கௌஸ் நினைத்துக்கொண்டார்.

மேயர் ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை மாராதேபே என்று அழைத்தார்கள். கவுன்சிலர்கள் மூன்று பேர். தொப்பியைக் கழற்றாத ஒருவர், கனத்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா, பிறகு ஸ்வெலாக்கே என்ற கிழவர். கிழவரை மற்றவர்கள் தோலோ என்றே கூப்பிட்டார்கள். ஐந்தாவது ஆள் லுவூயோ, நகராட்சி அலுவலர், சிரித்த முகம். கிழவர் ஹோசாவில் பேசினால் இங்கிலீஷில் சொல்வது அவர்தான்.

"தோலோங்கறது அவர் பேர் இல்ல. அவர் குலத்தோட பேர். மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம்," என்றார் லுவூயோ. "மாராதேபேயும் அப்படித்தான்."

கௌஸ் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த டீ வருவதற்குள் இரண்டு முறை "தோலோ" என்று கூப்பிட்டுவிட்டார். கிழவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

புதன்கிழமை எல்லோரையும் வேனில் ஏற்றி அஜ்மானில் இருக்கிற தன் யார்டுக்கு அழைத்துப் போனார். சத்வாவில் இருப்பது பேச்சு, அஜ்மானில் இருப்பது சரக்கு. வாடகை குறைவு என்பதால் தையலும் வெல்டிங்கும் அங்கேதான். யார்டைப் பார்த்துக்கொள்வது கமுதிப் பக்கத்துக் கார்மேகம். முந்தின நாள் முழுக்க நின்று பெரிய கூடாரத்தைக் கட்டி முடித்திருந்தார். வெள்ளைத் துணி, உள்ளே சிவப்புக் கோடு, இருபதடிக் கம்பங்கள். காற்று அடித்தபோது துணி ஒரு முறை மூச்சு வாங்கிவிட்டு அமைதியானது.

மாராதேபேவுக்குப் பிடித்துவிட்டது. தொப்பிக்காரர் நாலு மூலையிலும் நின்று பார்த்தார். கண்ணாடிக்கார அம்மா துணியின் தையலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தன் மொழியில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கௌஸின் மனசு தேராவின் அந்த நாற்காலியை விட்டு எழுந்து இரண்டடி நடந்தேவிட்டது.

அப்போது கார்மேகம் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பாய், அந்தப் பெரியவரு கம்பத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. துணியப் பாக்கவே இல்ல. எங்கயோ இடிக்குது."

கிழவர் கம்பத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். கையால் தட்டினார். லுவூயோவிடம் ஏதோ கேட்டார்.

"இது ஒரே கம்பமா, பூட்டிக் கழட்டுறதான்னு கேக்கறார்."

"ஒரே கம்பம்," என்றார் கௌஸ் பெருமையாக. "ஒட்டு கிடையாது, பூட்டு கிடையாது. மணல்காத்துக்கே அசையாது."

கிழவர் கையை எடுத்துக்கொண்டார். "வேண்டாம்" என்ற ஒரு சொல் லுவூயோவின் வாய் வழியாக வந்தது. மற்ற நால்வரும் முகம் மாறாமல் நின்றார்கள். நாலு பேருக்குப் பிடித்திருக்கிறது, ஒருவருக்குப் பிடிக்கவில்லை. கையைத் தூக்கினால் முடிகிற கணக்கு இது என்று கௌஸ் லுவூயோவிடம் சொல்லிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல அப்படி முடிக்க மாட்டோம்," என்றார் லுவூயோ. "ஓட்டு எண்ணி ஜெயிக்கறதுக்குச் சட்டம் இருக்கு. ஆனா தோலோவை வெளியில நிறுத்திட்டு வாங்கின கூடாரத்துக்குள்ள நாளைக்கு யாரும் வந்து உக்கார மாட்டாங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் பேசுவோம்."

"எவ்வளவு நேரம்?"

"எவ்வளவு நேரம்னா?" என்று லுவூயோ திருப்பிக் கேட்டார். அவருக்கு அந்தக் கேள்வி உண்மையிலேயே விளங்கவில்லை.

விஷயம் இதுதான். நகராட்சி ஆண்டுதோறும் வரவு செலவை மக்கள் முன்னால் வைத்து அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். மண்டபம் கிடையாது. கூடாரத்தை லாரியில் ஏற்றி வார்டு வார்டாகக் கொண்டு போவார்கள். கிழவருடைய வார்டு ஆற்றுக்கு அக்கரை. பாலம் கிடையாது, லாரி இக்கரையோடு நின்றுவிடும். ஆகவே அக்கரை ஜனங்கள்தான் இக்கரைக்கு வர வேண்டும். கூட்டம் நடக்கிற மாதத்தில் ஆறு இடுப்பளவு ஓடும். கிழவிகளும் பிள்ளைக்காரிகளும் எப்படி வருவார்கள்? பழைய கூடாரம் போன வருஷம் காற்றில் போய்விட்டது. அதைக் கழற்றிச் சுமந்து ஆற்றைத் தாண்ட யாரும் முன்வந்ததில்லை. இந்த இருபதடிக் கம்பமும் தாண்டப்போவதில்லை.

கௌஸுக்கு நிம்மதி வந்தது. இது வெறும் கம்பப் பிரச்சினை. கம்பத்தை வெட்டினால் தீர்ந்தது. அவர் தன் கொள்கைப்படி வேலையைத் தொடங்கினார்.

கிழவரைத் தண்ணீர் கூலர் பக்கம் தனியாக அழைத்துப் போனார். லுவூயோவும் கூடப் போனார், அது தவிர்க்க முடியாதது. "தோலோ, கம்பத்த மூணாத் துண்டு போட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகுற மாதிரி செஞ்சு தர்றேன். கழுதை மேல கட்டி ஆத்தைத் தாண்டலாம். உங்களுக்காக," என்றார்.

கிழவர் அவர் தோளைத் தொட்டு, நல்ல மனுஷன் என்றார்.

திரும்பும்போது வேனில் மேயரை முன் சீட்டில் உட்கார வைத்தார். பின்னால் மற்றவர்கள் உறங்கிவிட்டார்கள். ஷார்ஜா நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. "மேடம், அந்தப் பெரியவர் கேக்கறாருன்னு கம்பத்த வெட்டச் சொல்லிறாதீங்க," என்றார்.

"வெட்டக் கூடாது," என்றார் மாராதேபே. "பழைய கூடாரம் பூட்டுக் கம்பம்தான். பூட்டு பூட்டாக் கழண்டு, துணி மட்டும் பக்கத்து மலைக்குப் போயிடுச்சு. முழுக் கம்பம்தான் எங்க காத்துக்கு நிக்கும்."

"முழுக் கம்பம்தான். கத்தி படாது. பெரியவர நான் பாத்துக்கறேன்."

மேயர் தலையசைத்தார். இரண்டு பேரிடமும் சரி வாங்கியாகிவிட்டது. செருகுகிற இடத்தில் இரும்புப் பட்டை போட்டுப் பற்ற வைத்தால் ஒருவருக்குத் துண்டாகவும் மற்றவருக்கு முழுசாகவும் தெரிகிற மாதிரி ஏதாவது செய்துவிடலாம் என்று கௌஸ் கணக்குப் போட்டார். இந்தக் கணக்கில் அவர் பாதி சத்வாவுக்குக் கூடாரம் விற்றிருக்கிறார்.

வியாழக்கிழமை காலையில் கார்மேகம் போன் செய்தார். "பாய், அவங்க டாக்ஸி புடிச்சு வந்துட்டாங்க. நாற்காலியெல்லாம் வட்டமாப் போடச் சொல்றாங்க. ஒங்களுக்கும் ஒண்ணு போட்டிருக்கு."

கௌஸ் போனபோது கூடாரத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கார்மேகத்துக்கும் ஒரு நாற்காலி. அவர் அதன் விளிம்பில், பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி இருந்தார். மாராதேபே எழுந்து கூட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அங்கே தலைவர் கடைசியில்தான் பேசுவாராம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. அவர் எவ்வளவு நேரம் பேசினாலும் சரி.

முதலில் கிழவர் எழுந்தார். அவசரமே இல்லாமல் பேசினார். லுவூயோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நேத்து இந்தக் கடைக்காரர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். கம்பத்தை மூணா வெட்டித் தரேன்னு சொன்னார். அதை உங்க எல்லார் முன்னாடியும் வைக்கிறேன். ஏன்னா அது எனக்கு மட்டும் சொல்ற விஷயமில்ல."

கௌஸ் நாற்காலியை ஓரங்குலம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என்கிட்டயும் சொன்னார்," என்று மாராதேபே உட்கார்ந்தபடியே சொன்னார். தலைவர் முதலில் பேசக் கூடாதென்றாலும் சாட்சி சொல்லலாம் போலும். "வேன்ல. முழுக் கம்பம்தான், கத்தி படாதுன்னு."

எல்லோரும் கௌஸைப் பார்த்தார்கள். கோபமாக அல்ல. இரண்டு விதமாக நேரம் காட்டுகிற கடிகாரத்தைப் பார்ப்பதுபோல. தனியாகச் சொன்னதைத் தனியாக வைத்துக்கொள்வது என்ற நாகரிகமே இவர்களிடம் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயைத் திறந்தார்.

"உங்க முறை வரும்," என்றார் லுவூயோ அன்பாக.

கிழவர் தொடர்ந்தார். "நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார். நான் யோசிச்சேன். துண்டுக் கம்பம் கழுதை மேல ஆத்தைத் தாண்டி வந்துடும். எங்க வார்டுலயும் கூட்டம் நடக்கும். அப்புறம் நான் பாலம் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? கூடாரமே தாண்டிப் போகுதே, மனுஷங்களுக்கு எதுக்குப் பாலம்னு கேப்பீங்க. அதனால துண்டுக் கம்பம் வேண்டாம். முழுக் கம்பம் வாங்கினா அது எங்க பக்கம் வரவே வராது. அதனால முழுக் கம்பமும் வேண்டாம்."

உட்கார்ந்துவிட்டார்.

கௌஸ் தன் ஆயுளில் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறார். ஈரானியர்கள் கம்பளத்துக்குப் பேசுவதை, சிந்திக்காரர்கள் துணிக்குப் பேசுவதை, மலையாளிகள் வாடகைக்குப் பேசுவதைப் பார்த்திருக்கிறார். ஒரு கூடாரத்தை எதிரில் நிறுத்தி அதற்குப் பின்னால் ஒரு பாலத்தைப் பேரம் பேசுகிற ஆளை இப்போதுதான் பார்த்தார். அவர் விற்க வந்தவர். கிழவரோ தராசையே கையில் வாங்கிக்கொண்டார். இந்த ஆர்டர் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

தொப்பிக்காரர் பேசினார். பாலம் மாகாணத்தின் பொறுப்பு, நகராட்சியிடம் அதற்குப் பணம் இல்லை என்றார். கண்ணாடிக்கார அம்மா எழுந்தார்.

"அக்கரை வார்டிலிருந்து கருத்து எதுவும் வரலன்னு வருஷா வருஷம் எழுதி அனுப்பறோம். ஆறு நிறைஞ்சிருந்துதுன்னு ஒரு வருஷமும் எழுதல. நானும்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார்.

அந்த நேரத்தில் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு நூஹு வந்தார். சாவி வாங்க வந்தவர், கடை பூட்டியிருந்ததால் யார்டைத் தேடி வந்திருந்தார். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, இழுத்துக்கிட்டே இருக்கு? நான் பேசுறேன்." பிறகு இங்கிலீஷுக்கு மாறினார். "மை ஃப்ரெண்ட்ஸ், பெஸ்ட் பிரைஸ்..."

லுவூயோ எழுந்து ஒரு நாற்காலியைப் போட்டார். "உக்காருங்க ஐயா. உங்க முறையும் வரும்."

நூஹு உட்கார்ந்தார். தேராவில் அவரை யாரும் இப்படி உட்கார வைத்ததில்லை. "இவங்கள்ல முடிவெடுக்கிற ஆள் யாரு?" என்று தமிழில் முணுமுணுத்தார்.

"எல்லாரும்தான் மச்சான்," என்றார் கௌஸ்.

"எல்லாருமா? யா அல்லாஹ்."

ஒருவழியாகக் கௌஸின் முறை வந்தது. மாராதேபே முதலில் அவர் எந்த ஜனம், எந்த ஊர் என்று கேட்டார். அது இல்லாமல் பேச்சு தொடங்காதாம். கீழக்கரை, கடற்கரை ஊர், வாப்பா வழியில் எல்லோரும் கடல் வியாபாரிகள் என்று சொன்னார். பிறகு எழுந்து நின்றார்.

"நான் ரெண்டு பேர்கிட்ட ரெண்டு பேச்சு பேசுனது உண்மைதான். எங்க ஊர்ல, இந்த ஊர்ல, வியாபாரம்னா அப்படித்தான். இங்க அது செல்லாதுன்னு தெரிஞ்சு போச்சு. இப்ப எல்லார் முன்னாடியும் ஒரே பேச்சு பேசுறேன். தோலோ, உங்களுக்குக் கூடாரம் வேணுமா, வேண்டாமா?"

கிழவர் யோசித்தார். "வேணும். எங்க ஜனங்க வெயில்ல நிக்கிறாங்க."

"மேடம், உங்களுக்கு முழுக் கம்பம் வேணும். அப்ப முழுக் கம்பமே வாங்குங்க. வெட்ட மாட்டேன். ஆனா இந்தக் கூடாரத்துல நடக்கிற முதல் கூட்டம் அக்கரையில நடக்கட்டும். இருபதடிக் கம்பம் கழுதை மேல போகாது. ஆளுதான் தூக்கணும். தோலோ வார்டு ஜனங்க இல்ல, கவுன்சில்காரங்க தூக்கணும். ஆத்துக்குள்ள இறங்கி, தோள்ல வெச்சு." மேயர் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறமும் பாலம் வேணுமா வேண்டாமான்னு உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சுன்னா, கூடாரத்த நான் திருப்பி எடுத்துக்கறேன்."

லுவூயோ கடைசி வரியைக் கிழவருக்கு ஹோசாவில் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடிக்கார அம்மா சிரித்துவிட்டார். கிழவர் சிரிக்கவில்லை. கௌஸை முதல் தடவையாக, எதிரே உட்கார்ந்திருக்கிற சமமான ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"திருப்பி எடுக்கறதா?" என்று நூஹு தமிழில் பதறினார். "மாப்ள, எங்கே, ஆப்பிரிக்காவுலேர்ந்தா?"

"உங்க முறை வரும் மச்சான்."

கார்மேகத்திடமும் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, தமிழில் சொன்னதைக் கௌஸ் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். தண்ணிக்குள் கம்பம் நீளவாக்கில் ஆற்றோடு திரும்பப் பார்க்கும், பின்னால் பிடிக்கிற ஆள்தான் பலமாக இருக்க வேண்டும், முன்னால் போகிறவர் சும்மா வழி காட்டினால் போதும்.

"அப்ப மேயர் பின்னால," என்றார் கிழவர்.

மறுபடி ஒரு சுற்று எல்லோரும் பேசினார்கள். தொப்பிக்காரர் தன் முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம் நேரம் பேசினார். நூஹுவின் முறை வந்தபோது, காலையிலிருந்து யாருமே விலையைக் கேட்கவில்லை என்பதுதான் தனக்குப் புரியவில்லை என்றார். விலைதான் கண்காட்சியிலேயே தெரியுமே, அதில் பேச என்ன இருக்கிறது என்றார்கள்.

கடைசியில் மாராதேபே எழுந்தார். எல்லோரும் சொன்னதை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். முழுக் கம்பம். முதல் கூட்டம் அக்கரையில். பின் பக்கம் தான் பிடிப்பதாகச் சொன்னார். "கடைக்காரரும் இதையெல்லாம் காதால கேட்டிருக்கார். அவர் வெளியாள், அவர் சாட்சி," என்று முடித்தார். கிழவர் எழுந்து மேயரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கௌஸ் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"ஆத்துக்குக் குறுக்க கட்ட ஒரு கயிறு வேணுமாம். பிடிச்சுக்கிட்டு நடக்க," என்றார் லுவூயோ. "விலையில சேத்தியான்னு கேக்கறார்."

கௌஸின் கண் பழக்கத்தில் நூஹுவிடம் போனது. போன வேகத்தில் திரும்பியது. "கயிறு என் கணக்கு," என்றார். "கார்மேகம், கப்பல் கயிறு ஒரு சுருணை எடுத்து வைப்பா. நல்லதா."

நூஹு போவதற்கு எழுந்தார். சாவியைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. கூடார வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்ல கூத்துடா," என்றார். பிறகு, "ஷம்சாத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், சத்வா கடைக்கு லுவூயோவின் போன் வந்தது. பின்னணியில் காற்றும் மாடுகளும் கேட்டன. கூட்டம் நடந்துவிட்டது. மேயர் ஷூவைக் கழற்றி நாடாவால் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின் பக்கம் பிடித்தார். ஆற்று நடுவில் நின்று அவர் சொன்ன வார்த்தைகளை லுவூயோ மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். தொப்பிக்காரரின் தொப்பி ஆற்றோடு போய்விட்டது. அக்கரை ஜனங்கள் கூடாரம் கொள்ளாமல் வந்து, சாயங்காலம் வரை ஒவ்வொருவராகப் பேசினார்கள். திரும்பி வரும்போது ஒரு கம்பம் கை நழுவிப் பாறையில் மோதி வளைந்துவிட்டது. இன்னொன்று அனுப்ப வேண்டுமாம்.

"பாலம் என்னாச்சு?" என்று கேட்டார் கௌஸ்.

"மேயர் மாகாண ஆபீசுக்கே நேராப் போய் உக்காந்துட்டாங்க. ஆளுங்க வந்து ஆத்தை அளந்துட்டுப் போயிருக்காங்க."

"நல்ல சேதி. அப்ப இந்தக் கம்பத்தையாவது துண்டு போட்டு அனுப்பட்டுமா? பார்சலுக்குச் சுலபம்."

லுவூயோ அந்தப் பக்கம் யாரிடமோ சொன்னார். கிழவரின் சிரிப்பு தூரத்திலிருந்து கேட்டது. அதற்குப் பிறகு ஒரு நீண்ட ஹோசா வாக்கியம்.

"அளக்கறதுக்கு வருஷா வருஷம் வருவாங்களாம்," என்றார் லுவூயோ. "முழு நீளத்துலயே அனுப்புங்கன்னு தோலோ சொல்றார். இன்னும் கொஞ்சம் கனமா இருந்தாலும் பரவாயில்லயாம்."

கௌஸ் போனை வைத்துவிட்டு அஜ்மானுக்குப் போட்டார்.

"கார்மேகம், ஒரு கம்பம். இருபதடி. பைப்பு கொஞ்சம் தடிமனா எடு."

"யாருக்கு பாய்?"

"மேயருக்கு," என்றார் கௌஸ்.